பத்துத்தூண் சந்திலிருந்து உசிலம்பட்டி வரை

வெள்ளி, மதுரை

பத்துத்தூண் சந்துக்குள் காலை பத்து மணிக்கு நுழைந்தோம், நானும் எழுமலையும். எழுமலை என்பது அவள் ஊர். கடையில் வேலை பார்த்த காலத்தில் எல்லோரையும் ஊர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஆண்டிபட்டி அக்காவும் வருவதாக இருந்தது. திருப்பூரில் அவள் கம்பெனியில் அவசர ஆர்டர், லீவு கிடைக்கவில்லை. போனில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே கூட வருகிறாள்.

2020 மார்ச்சில் நாங்கள் மூன்று பேரும் இந்தச் சந்தில் ஒரு ஜாக்கெட் பிட், லைனிங் துணி மொத்தக் கடையில் வேலை பார்த்தோம். கீழவாசல் பக்கம் ஒரே அறையில் தங்கியிருந்தோம். ஊரடங்கு அறிவித்த ராத்திரி உசிலம்பட்டி ரோட்டில் நடந்து போனோம். வழியில் தண்ணீர் கொடுத்தவர்கள், திண்ணை கொடுத்தவர்கள், வண்டி பிடித்துக் கொடுத்தவர் என்று எத்தனையோ பேர். ஒருவர் பேரையும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களைத் தேடிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். இப்போதுதான் கிளம்ப முடிந்தது. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கு ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

சந்து அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் துணிப் பொதி, நடுவில் ட்ரைசைக்கிள், "ஓரம், ஓரம்" என்ற சத்தம். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது நைட்டி மொத்த வியாபாரம். பழைய முதலாளி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மார்ச் மாதம் எப்படிக் கழிந்தது என்று சொல்லிவிடுகிறேன். 17-ம் தேதியிலிருந்து தியேட்டர், மால் எல்லாம் மூடினார்கள். 20-ம் தேதியிலிருந்து பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடைகளை மூடச் சொன்னார்கள். எங்களுடையது சின்னக் கடை, திறந்திருந்தது. 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவே மாடியில் ஏறி நின்று தட்டை அடித்தது, நாங்களும் அடித்தோம். ஒரு நாள்தானே என்ற நினைப்பு. திங்கள்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வியாபாரம் நடந்தது. அன்றைக்கே அறிவிப்பு வந்துவிட்டது, மறுநாள் செவ்வாய் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து 144, மார்ச் 31 வரைக்கும், பஸ் ஓடாது, மாவட்ட எல்லையெல்லாம் மூடப்படும் என்று.

அன்றைக்கு ராத்திரியே கிளம்பியிருந்தால் பஸ்ஸில் போயிருப்போம். சம்பளத்தைச் செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. மூன்று பேர் வீட்டிலும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அடுத்த மாதம். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மூடிய ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் வரும்போது மணி நாலரை. பாதிச் சம்பளம் கொடுத்தார். மீதி இன்று வரை வரவில்லை. அவருக்கும் கடன் இருந்திருக்கும், சரக்கு முடங்கியிருக்கும். ஆனால் எங்களைக் காலையிலிருந்து காக்க வைத்த அந்த நேரத்தை மட்டும் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவ்வளவு நேரமும் அரப்பாளையத்தில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்குத்தூண் பக்கம் டீ குடிக்கும்போது ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். சுமை தூக்குகிறவர். அப்போதும் இங்கேதான் இருந்தாராம்.

"நீங்க ஊருக்குப் போனீக. எனக்கு எந்த ஊரு? மகால் பக்கம் பிளாட்பாரத்துலதான் இத்தனை வருசமும் படுக்கை. வீட்டுக்குள்ள இருங்கன்னு மைக்குல சொல்லிட்டுப் போறாய்ங்க, எந்த வீட்டுக்குள்ள இருக்கிறது?"

அப்புறம் அவர்களில் பல பேரைக் கூட்டிப்போய் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்களாம். அதற்கு முந்தைய நாட்களில் அம்மா உணவகம்தான் காப்பாற்றியது என்றார். ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம். கையில் இருந்த காசை அப்படி எண்ணி எண்ணிச் செலவழித்திருக்கிறார். அவர் சொன்ன இன்னொன்று எனக்கு அதுவரைக்கும் தோன்றியதே இல்லை. மாசி வீதியில் சுற்றுகிற மாடுகள் பட்ட பாடு. காய்கறிக் கழிவு இல்லை, ஹோட்டல் இலை இல்லை, வாழைப்பழத் தோல் போட ஆள் இல்லை. மாடுகள் மூடிய கடைகளின் ஷட்டரில் வந்து முட்டுமாம். சுவரொட்டிகளைக் கிழித்துத் தின்றதாம். "நானாவது வாயைத் தொறந்து கேட்டேன்" என்றார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை, அவரே கொடுத்துவிட்டார்.

சனி, அரப்பாளையத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டை

இன்றைக்கு முழுக்க நடை. காலையில் ஆறு மணிக்கெல்லாம் அரப்பாளையம் வந்துவிட்டோம். தேனி, போடி, கம்பம் என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கீழவாசலிலிருந்து இங்கே வரவே ஆட்டோ இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டை அப்போது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தகர வேலி போட்டுப் பள்ளம் தோண்டியிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு, துணிப்பையும் பக்கெட்டுமாக ஓட்டமும் நடையுமாக வந்தோம். இங்கே வந்தால் நிற்க இடமில்லை. கடைசி பஸ்களின் ஜன்னல் வழியே பிள்ளைகளைத் தூக்கி உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூரையில்கூட ஆள் ஏறப் பார்த்தார்கள். நோய் பரவாமல் இருக்கத்தான் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். அதை நிறுத்துவதற்கு முன்னால் இத்தனை ஜனத்தை ஒன்றாக நெருக்கியடித்து ஏற்றியது எந்தக் கணக்கில் சேரும் என்று அன்றைக்கே எழுமலை கேட்டாள். மூன்று பேரும் சேர்ந்து ஏற ஒரு பஸ்ஸும் அமையவில்லை. ஒருத்தியை விட்டுவிட்டுப் போவதில்லை என்று ஆண்டிபட்டி அக்கா சொல்லிவிட்டாள். ஆறு மணிக்கு மேல் ஒரு வண்டியும் வரவில்லை. உசிலம்பட்டி எவ்வளவு தூரம், 40 கிலோமீட்டர்தானே, நாகமலை வரைக்கும் நடப்போம், அங்கிட்டு ஏதாவது வண்டி கிடைக்கும் என்று அவள்தான் முதலில் பையைத் தோளில் மாட்டினாள்.

காளவாசல் மேம்பாலம் அன்றைக்கு இன்னும் திறக்கப்படவில்லை. இப்போது மேலே வண்டிகள் பறக்கின்றன. விராட்டிபத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் மட்டும் திறந்திருந்தது. அங்கே நின்றவர்கள் ஒரு போனைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். மணி எட்டு. பிரதமர் பேசிக்கொண்டிருந்தார், இந்தியில். எங்கள் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனால் எல்லோர் முகமும் மாறுவது தெரிந்தது. பேசி முடித்த பிறகு கடைக்காரர்தான் சொன்னார்: "ராத்திரி பன்னெண்டு மணியில இருந்து இந்தியா முழுக்க மூடுறாங்க. இருபத்தொரு நாள்."

நாங்கள் ஒரு வாரத்துக்குத்தான் துணி எடுத்து வைத்திருந்தோம். நாலு மணி நேரம்தான் இருந்தது. நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். மூட வேண்டிய நோய்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நாட்டில் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் வீடு போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று யோசித்தவர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் நாலு மணி நேரம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர்களைப் பிறகு டிவியில் பார்த்தோம். எங்களுக்கு நாகமலையே தெரிந்த இடம், தெரிந்த பாஷை. அப்படியும் அன்றைக்கு இருட்டில் வயிற்றைப் பிசைந்தது.

கடைக்காரர் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றையும் மாஸ்க்குகளையும் காசு வாங்காமல் கொடுத்தார். அப்போது மாஸ்க் கிடைப்பதே அரிது. இன்றைக்கு அந்தக் கடையைத் தேடினோம். கடை இருக்கிறது, கைமாறியிருக்கிறது. புதிய கடைக்காரர் பழையவரின் நம்பரைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நாகமலை புதுக்கோட்டையில் அந்தத் திண்ணை வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. திண்ணையே இல்லாததால்தான் தாமதம். வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வேப்பமரத்தையும் எதிரில் இருந்த அடிகுழாயையும் வைத்து எழுமலைதான் அடையாளம் சொன்னாள். உள்ளே அம்மாச்சி கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அதே பாம்படக் காது.

நடந்ததைச் சொன்னோம். மூன்று பொம்பளைப் பிள்ளைகள், ராத்திரி பத்து மணி, ரசம் சோறும் ஊறுகாயும் கொடுத்தீர்கள், திண்ணையில் பாய் போட்டுக் கொடுத்தீர்கள், விடிய விடிய நீங்களும் வாசலிலேயே படுத்திருந்தீர்கள் என்றெல்லாம். அம்மாச்சி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லையேத்தா. அன்னிக்கு யாரு யாரோ வந்தாய்ங்க. மறுநாளும் வந்தாய்ங்க. நான் அண்டாவுல தண்ணி வச்சு வாசல்ல வச்சேன். அது ஞாபகம் இருக்கு. நீங்க யாருன்னு தெரியலையே."

எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, மறைப்பானேன். இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லையே என்று. அப்போது உள்ளேயிருந்து அவர் மகன் வந்தார், நாற்பத்தைந்து வயது இருக்கும். "எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது அன்று எங்களுக்குத் தெரியாத கதை. நாங்கள் திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே அம்மாவுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை நடந்திருக்கிறது. வீட்டில் அவருக்கு எட்டு மாதக் குழந்தை. டவுனிலிருந்து வருகிறார்கள், கடைத்தெருவில் வேலை பார்த்தவர்கள், யாரிடமிருந்து என்ன ஒட்டியிருக்கிறதோ, போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நீ மாடு கட்டுற கொட்டத்துல போய்ப் படு, இந்த நேரத்துல பொட்டப்பிள்ளைகளை நான் எங்கிட்டு அனுப்புவேன்" என்று அம்மாச்சி சொல்லிவிட்டாராம். அவரும் மனைவியும் குழந்தையும் அன்றைக்குக் கொட்டத்தில்தான் படுத்திருக்கிறார்கள்.

"எனக்குப் பயம்ங்க. மறுநாள் காலையில மதுரையில ஒருத்தர் செத்துப்போயிட்டார்னு நியூஸ் வந்ததும் அம்மாகிட்ட நான் ரெண்டு வாரம் பேசலை" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அவர் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை என்று நான் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். அப்படிப் பயந்தும் அவர் எங்களை எழுப்பி வெளியே போகச் சொல்லவில்லை. கொட்டத்துக்குப் போனார். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்து எழுமலையை ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டோம். சாப்பிடாமல் விடவில்லை. அம்மாச்சிக்கு நாங்கள் வாங்கிப்போன சேலை பிடித்திருந்தது. "எதுக்கு எனக்கு?" என்று மறுபடி மறுபடி கேட்டார். எத்தனை தடவை சொல்லியும் அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவே இல்லை.

ஆண்டிபட்டி அக்காவுக்குப் படம் அனுப்பினேன். ஒரு நிமிஷத்துக்கு அவள் குரல் செய்தியில் அழுகை மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு, செக்கானூரணி

இன்றைக்கு டவுன் பஸ்ஸில் வந்தோம், கால் வலி. பல்கலைக்கழகத்தைத் தாண்டிச் செக்கானூரணி வருகிற இந்தத் துண்டு ரோட்டில்தான் 25-ம் தேதி காலையில் எங்களுக்கு எல்லாம் மாறிப்போனது.

அன்றைக்கு விடியற்காலையில் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் ஒருவர் இறந்துபோனார். தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு அதுதான் முதல் சாவு. விடியும் முன்னே எல்லோர் போனுக்கும் செய்தி போய்விட்டது. ராத்திரி வரைக்கும் "ஐயோ பாவம், நடந்தா போறீக?" என்று கேட்ட ஜனம், காலையில் "மதுரையில இருந்தா வர்றீக?" என்று கேட்டது. இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு ராத்திரிதான்.

ஒரு ஊர் விலக்கில் பெட்டிக்கடை. தண்ணீர் கேட்டோம். கடைக்காரர் டம்ளரைத் தரவில்லை, தூரத்தில் நின்று சொம்பிலிருந்து கையில் ஊற்றினார். இந்த ஊர்ப் பக்கத்தில் கையில் தண்ணீர் ஊற்றுவது என்றால் அதற்கு ஒரு பழைய அர்த்தம் உண்டு. யார் யாருக்கு அப்படி ஊற்றினார்கள் என்று எங்களுக்கும் தெரியும். குடிக்கும்போது எங்கள் மூன்று பேருக்குமே அதுதான் மனதில் ஓடியது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. நேற்று ராத்திரிதான் அதைப் பற்றி முதல்முறையாகப் பேசினோம். நோய்ப் பயத்தில் சில நாள் அப்படிக் குடித்ததற்கே எங்களுக்கு இவ்வளவு வலித்ததே, தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுமலை சொன்னாள். அவள் பேச்சை அப்படியே எழுத வேண்டும் என்று தோன்றியது.

செக்கானூரணி முக்கில் போலீஸ் நின்றது. திருமங்கலம் ரோடும் சோழவந்தான் ரோடும் பிரிகிற இடம் என்பதால் எப்போதும் கூட்டமாக இருக்கும். அன்றைக்குப் பேரிகார்டும் காக்கியும் மட்டும்தான். எங்களைத் தோப்புக்கரணம் போடச் சொல்வார்களோ, லத்தியால் அடிப்பார்களோ என்று பயந்துகொண்டே போனோம். வயதான போலீஸ்காரர் ஒருவர் எங்கள் காலைத்தான் பார்த்தார். எழுமலையின் செருப்பு அறுந்து, கால் கொப்பளித்திருந்தது. ரோட்டோரத்தில் நிழலில் உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் போல இருக்கும். தேனிப் பக்கம் போகிற வண்டி ஒன்றை நிறுத்தி, டிரைவரிடம் என்னவோ பேசிவிட்டு, "மூணு பேரும் பின்னாடி ஏறுங்கம்மா, வழியில எங்கயும் இறங்கக் கூடாது" என்றார்.

அது என்ன வண்டி என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. பால் வண்டி என்று நான் சொல்கிறேன். மாட்டுத்தீவன வண்டி என்று ஆண்டிபட்டி அக்கா சாதிக்கிறாள்: "புண்ணாக்கு வாடை இன்னும் என் மூக்குல இருக்குடி. ஆண்டிபட்டி வரைக்கும் அதுல போனவ நானு. நீங்க உசிலம்பட்டியிலயே இறங்கிட்டீக. எனக்குத் தெரியாதா?" அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

அந்தப் போலீஸ்காரரைப் பற்றி முக்கில் இருந்த கடைகளில் விசாரித்தோம். அந்த வருஷம் அங்கே மாற்றி மாற்றி எத்தனையோ பேர் டூட்டி பார்த்தார்கள், யாரென்று சொல்வது என்றார்கள். இந்நேரம் ரிட்டயர்டு ஆகியிருப்பார். எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

கருமாத்தூர் வழியாக உசிலம்பட்டி வந்து சேர்ந்தோம். வேறொன்றும் விசேஷமில்லை.

திங்கள், எங்கள் ஊர்

உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற ரோட்டில் எங்கள் ஊர். அன்றைக்கு ஊர் எல்லையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தண்ணீர் அண்டா, வேப்பங்குலை. அதைக் காவல் காத்தவர்கள் எனக்கு மாமன் மச்சான் முறை. "உள்ள வரக் கூடாதுன்னு சொல்லலை, ரெண்டு வாரம் தோட்டத்துல இரு" என்றார்கள். எழுமலையின் ஊரிலும் முள் போட்டாயிற்று, யாரையும் விடுவதில்லை என்று போனில் சொன்னார்கள். அதனால் அவளும் என்னோடு சித்தப்பா தோட்டத்து மோட்டார் ரூமில் தங்கினாள்.

இன்றைக்கு அந்த மோட்டார் ரூமில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி, ஒரு குண்டு பல்பு, சாக்கு மூட்டை. இரண்டு பேர் காலை நீட்டிப் படுத்தால் கதவைச் சாத்த முடியாது. எங்களுக்கு முன்னால் முக்கால் ஏக்கர் மல்லிகை.

மல்லிகையைப் பற்றிச் சொல்லாமல் அந்த நாட்களைச் சொல்ல முடியாது. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கிடைத்த ஊர்ச் செடிகளில் இவையும் சேர்த்தி. பங்குனியில் வரத்து ஏற ஆரம்பிக்கும். விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாம் வரிசையாக வருகிற பருவம். சித்தப்பா வட்டிக்கு வாங்கி உரம் போட்டிருந்தார். கோயில் மூடியாயிற்று, கல்யாணம் தள்ளிப்போயிற்று, பூ மார்க்கெட் கிடையாது. பாலும் காய்கறியும் அத்தியாவசியம், பூ அப்படி இல்லை. ஆனால் செடிக்கு ஊரடங்கு தெரியுமா? அது பாட்டுக்கு மொட்டு வைத்தது.

சித்தி அப்போதும் விடியற்காலையில் வந்து பறித்தார். பறிக்க ஆள் விட முடியாது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கக் காசில்லை. சித்தி ஒரு பாத்தி, தூரத்தில் நாங்கள் இரண்டு பேர் ஒரு பாத்தி. பறித்த பூவைக் கிணற்று மேட்டில் கொட்டினோம். விற்காத பூவை எதற்குப் பறிக்க வேண்டும் என்று எழுமலை கேட்டதற்குச் சித்தி சொன்னார்: "செடியிலயே விட்டா மலர்ந்து அழுகும், புழு வைக்கும். அடுத்த மொட்டு எடுக்காது. இன்னிக்கு விலை இல்லைங்கிறதுக்காகச் செடியைக் கொல்லவா முடியும்?" ஒரு வாரத்தில் கிணற்று மேடு பூராவும் பழுப்பு நிறத்தில் அழுகல். ராத்திரி மோட்டார் ரூமில் அந்த வாடை தலைவலியைக் கொண்டுவந்துவிடும். கடையில் முழம் முழமாக அளந்து, கையை இழுத்துப் பிடித்து விற்கிற பூ. அதை மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறபோது சித்தப்பா ஒரு நாளும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கிராம நர்ஸ் வந்து தள்ளி நின்று காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். ஏப்ரலில் ரேஷன் கடையில் அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். சுண்ணாம்பால் வட்டம் போட்டு அதற்குள் நிற்க வைத்ததாக அம்மா சொன்னார். அந்த ஆயிரம் ரூபாயில் அம்மா முதலில் எங்களுக்குத்தான் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கி வரப்பில் வைத்துவிட்டுப் போனார். ஏப்ரல் 5 ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். தோட்டத்திலிருந்து பார்க்க ஊரில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. அதில் என் வீட்டு விளக்கு எது என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 14-க்குப் பிறகும் நீட்டித்தார்கள். சித்திரைத் திருவிழாவும் இல்லை என்றதும்தான் ஊரில் பெரியவர்கள் முகம் செத்துப்போனது. மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் கோயிலுக்குள் சில பட்டர்களை மட்டும் வைத்து நடந்தது. நேரடி ஒளிபரப்பு. சித்தி என் போனை அம்மிக்கல்லில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டுத் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார். வருஷா வருஷம் மதுரைக்குப் போய்க் கூட்டத்துக்குள் நின்று மாற்றிக்கொள்கிறவர். மே 7, அழகர் ஆற்றில் இறங்க வேண்டிய நாள். அன்றைக்கு அழகர் மலையை விட்டு வரவில்லை, டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். எங்கள் ஊர்ப் பொம்பளைகள் அன்று பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர்கள் பேசியதில் நியாயம் இருந்தது. வருமானமே இல்லாத வீட்டில் ரேஷன் பணமும் போயிற்று.

இன்றைக்குச் சித்தியிடம் அந்தக் கணக்கைக் கேட்டேன். அந்தப் பருவத்துக்காகத் தோட்டை அடகு வைத்தார். அடகை மீட்டது 2023-ல்தான். நடுவில் வட்டி கட்டியதைச் சேர்த்தால் இன்னொரு ஜோடித் தோடு வாங்கியிருக்கலாம் என்றார். கொரோனாவில் செத்தவர்கள் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது, தொற்று வந்தவர்கள் கணக்கும் இருக்கிறது. கிணற்று மேட்டில் கொட்டிய பூவுக்கு இப்படித் தோட்டத்துக்காரர்கள் சொன்னால்தான் உண்டு. அதனால் எழுதி வைக்கிறேன்.

முள் போட்ட மாமாவையும் பார்த்தோம். நாங்கள் கேட்காமலே, "அன்னிக்கு உன்னையத் தடுத்தது தப்புன்னு நெனைக்கிறியா?" என்றார். இல்லை மாமா என்றேன். வயதானவர்கள் நிறைந்த ஊர். ஒருத்தருக்கு மூச்சுத் திணறினால் ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ தோப்பூருக்கோ கொண்டு போக வண்டி ஏது அன்றைக்கு? அவர் ராத்திரி ராத்திரியாக வந்து மோட்டார் ரூமுக்கு எதிரில் இருக்கிற வரப்பில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். பாம்பு நடமாடுகிற தோட்டம் அது.

செவ்வாய், ரயிலில்

உசிலம்பட்டி ஸ்டேஷனில் எழுமலையை விட்டுவிட்டு ஏறினேன். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் தேனி போகிறாள், எழுமலையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. நான் மதுரை போய், அங்கிருந்து திண்டுக்கல். நாளைக்குத் தையல் கடையைத் திறக்க வேண்டும், இரண்டு கல்யாண ஜாக்கெட் பாக்கி.

2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தியதிலிருந்து இந்தப் பாதையில் வண்டி இல்லை. தேனி வரைக்கும் மறுபடி ரயில் விட்டது 2022 மே மாதம்தான். நாங்கள் நடந்த சமயத்தில் தண்டவாளம் மட்டும் இருந்தது. ரயிலில் ஏறிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வடபழஞ்சி தாண்டிவிட்டது.

விராட்டிபத்து மெடிக்கல் ஷாப் புதிய கடைக்காரர் போன் செய்தார். பழையவர் இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாராம், நம்பர் கொடுத்தார். ராத்திரி பேச வேண்டும்.

ஆண்டிபட்டி அக்காவுக்கு நாகமலை அம்மாச்சியை நேரில் பார்க்காமல் தீராது. சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று பேரும் சேர்ந்து வருவதாக முடிவு. அம்மாச்சியையும் கூட்டிக்கொண்டு, அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை பார்க்கலாம் என்று எழுமலை சொல்கிறாள். அம்மாச்சிக்கு முழங்கால் வலி, கூட்டத்துக்குள் எப்படி என்று அவர் மகனிடம் கேட்டேன். கார் எடுக்கிறேன், நான் கூட்டிக்கிட்டு வர்றேன் என்றார். அக்கா கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். கிடைத்ததும் டிக்கெட் போட வேண்டும்.